சாப்பாட்டோட நடக்கற சண்டை: ஈட்டிங் டிஸ்ஆர்டர் பத்தி அடிக்கடி கேட்கற கேள்விகள்

என் தங்கச்சிக்கு 16 வயசுல இது ஆரம்பிச்சுது. இப்போ நல்லா இருக்கா. நடுவுல போன அந்த வருஷங்கள்ல டாக்டருங்க, தெரபிஸ்ட்டுங்க, இதே நிலைமைல இருந்த மத்த குடும்பங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக் கேட்டு தெரிஞ்சுகிட்டதும், ராத்திரி தூக்கம் வராம தேடித்தேடி படிச்சதும்தான் இதுல இருக்கு. நான் டாக்டர் இல்ல. ஆனா இதே கேள்விங்கள நிறைய பேர் என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். அவளப் பத்தி எழுதறது எல்லாம் அவகிட்ட கேட்டுட்டுதான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். எடை எத்தனை கிலோ, எத்தனை கலோரிங்கற நம்பர் இதுல எங்கயும் வராது. இந்த வியாதி இருக்கறவங்க கண்ணுல அந்த மாதிரி நம்பர் பட்டா அதோட போட்டி போட ஆரம்பிச்சுடுவாங்க, அத நான் வீட்லயே பாத்திருக்கேன்.

ஈட்டிங் டிஸ்ஆர்டர்னா என்ன, ஒழுங்கா சாப்பிடாம இருக்கறதா?

அவ்ளோ சின்ன விஷயம் இல்ல. சாப்பாடு, எடை, உடம்போட தோற்றம் இதப் பத்தின நெனப்பு ஒருத்தரோட நாள் முழுக்க பிடிச்சுக்கிட்டு, அவங்க சாப்பிடற விதத்தையே மாத்தி, உடம்பையும் மனசையும் சேத்து கெடுக்கற ஒரு மனநல வியாதி இது. நாலு நாள் டயட் இருக்கறதோ, ஒரு நாள் விசேஷத்துல வயிறு முட்ட சாப்பிடறதோ இதுல சேராது. காலைல கண்ணு முழிச்சதுலேந்து தூங்கற வரைக்கும் மண்டைக்குள்ள ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும், அந்தக் கணக்கு சொல்றபடிதான் கை தட்டுக்குப் போகும். என் தங்கச்சி பின்னாடி ஒரு நாள் சொன்னா, "அக்கா, உங்க எல்லாரோட சத்தத்த விட அது சத்தம்தான் பெருசா கேட்டுச்சு"ன்னு.

எத்தனை வகை இருக்கு?

முக்கியமா நாலு சொல்லுவாங்க. அனோரெக்சியா நெர்வோசா, அதாவது எடை கூடிடுமோங்கற பயத்துல சாப்பாட்ட குறைச்சுக்கிட்டே போறது, எவ்ளோ இளைச்சாலும் கண்ணாடில குண்டாவே தெரியறது. புலிமியா நெர்வோசா, கட்டுப்பாடே இல்லாம நிறைய சாப்பிட்டுட்டு அப்புறம் அத எப்படியாவது ஈடு கட்டணும்னு வாந்தி, பட்டினி, வெறித்தனமான உடற்பயிற்சின்னு போறது. பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர், அதே மாதிரி கட்டுப்பாடு இல்லாம சாப்பிடுவாங்க, ஆனா ஈடு கட்ட மாட்டாங்க, குற்ற உணர்ச்சிலயே உழலுவாங்க, பல நாடுகள்ல அதிகம் பேருக்கு இருக்கறது இதுதான். நாலாவது ஆர்ஃபிட்னு சுருக்கமா சொல்றது, இதுல எடை, அழகு பத்தின கவலையே இருக்காது, சாப்பாட்டோட மணம், பதம் பிடிக்காததாலயோ, தொண்டைல அடைச்சுடுமோன்னு பயந்தோ, பசியே தெரியாததாலயோ ரொம்ப கொஞ்ச வகைய மட்டும் சாப்பிட்டு உடம்பு தேஞ்சு போகும்.

இதுல எதுலயும் கச்சிதமா அடங்காதவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களோடது லேசான வியாதின்னு அர்த்தம் இல்ல. ஒரே ஆள் ஒரு வகைலேந்து இன்னொரு வகைக்கு மாறறதும் சகஜம். தங்கச்சிக்கு அனோரெக்சியால ஆரம்பிச்சு ஒண்ணரை வருஷத்துல புலிமியாவா மாறிடுச்சு, எடை கூடுது சரியாயிட்டு வராள்னு நாங்க சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்த நேரம் அது.

இது இன்ஸ்டாகிராம் காலத்து வியாதிதானே?

இல்லவே இல்ல. 1689-லயே ரிச்சர்ட் மார்ட்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் வேற காரணம் எதுவும் இல்லாம சாப்பாட்ட விட்டு உருக்குலைஞ்சு போன ரெண்டு பேரப் பத்தி எழுதி வெச்சிருக்காரு, அதுல ஒருத்தர் பொண்ணு, இன்னொருத்தர் பையன். அனோரெக்சியா நெர்வோசாங்கற பேர 1873-ல வெச்சது வில்லியம் கல்ங்கற டாக்டர், அதே வருஷம் பிரான்ஸ்ல லசேக்னு ஒருத்தரும் இதே வியாதிய தனியா விவரிச்சாரு. புலிமியாவுக்கு 1979-ல ஜெரால்ட் ரஸ்ஸல் பேரு குடுத்தாரு. பிஞ்ச் ஈட்டிங்க ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லயே எழுதியிருந்தும், அமெரிக்க மனநல டாக்டருங்களோட வகைப்பாட்டு நூல்ல அது தனி வியாதியா ஏறினது 2013-லதான். அத்தனை வருஷமும் அவங்களுக்குக் கெடைச்ச ஒரே பேரு "கட்டுப்பாடு இல்லாத ஆளு"ங்கறதுதான்னு நெனச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

பாத்தா ஒல்லியா இல்லையே, அப்போ இவங்களுக்கு இருக்காதுதானே?

இந்த ஒரு நம்பிக்கைதான் நெறய பேர சாகடிக்குதுன்னு நான் நெனைக்கறேன். புலிமியா இருக்கற பெரும்பாலானவங்க எடை சாதாரணமாவோ அதுக்கு மேலயோதான் இருக்கும். ஏற்கனவே பருமனா இருந்த ஒருத்தர் கொஞ்ச மாசத்துல சடசடன்னு இளைச்சா, இன்னும் "நார்மல்" எடைல இருக்கும்போதே அவங்க நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மாதவிடாய் எல்லாம் ரொம்ப ஒல்லியா இருக்கறவங்களுக்கு கெடற அளவுக்கே கெட்டுப் போகலாம். எவ்ளோ எடை இருக்குங்கறத விட எவ்ளோ வேகமா எவ்ளோ இறங்குச்சுங்கறதும் முக்கியம்.

நாங்க முதல்ல போன டாக்டர் எடை பாக்கற மெஷின்ல நிக்க வெச்சு, சார்ட்ட பாத்து, "நார்மலாதானே இருக்கா, இந்த வயசுல இதெல்லாம் இருக்கறதுதான்"னு அனுப்பிட்டாரு. வீட்டுக்கு வர வழில தங்கச்சி ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு அவளுக்கு மண்டைல ஏறினது, "வியாதின்னு சொல்லிக்கற அளவுக்குக் கூட நான் இளைக்கல"ங்கறதுதான். அடுத்த ரெண்டு மாசம் அவ சாப்பிட்டது பாதிதான்.

பொண்ணுங்களுக்கு மட்டும் வரதா?

கிடையாது. அமெரிக்கால நடந்து 2007-ல வெளிவந்த ஒரு பெரிய சர்வேல வாழ்நாள்ல எப்பவாவது அனோரெக்சியா வந்த பொண்ணுங்க 0.9 சதவீதம், ஆம்பளைங்க 0.3 சதவீதம். பிஞ்ச் ஈட்டிங்ல 3.5-க்கு 2. ஆம்பளைங்க கணக்கு இன்னும் குறைவா காட்டறதுக்கு ஒரு காரணம், அவங்க வாய தொறந்து சொல்றதில்ல, சொன்னாலும் யாருக்கும் இது தோணறதில்ல. பையன் ஜிம்முக்குப் போறான், புரோட்டீன் கணக்கு பாத்து சாப்பிடறான், ஒரு நாள் போக முடியலன்னா பதறிப் போறான்னா வீட்ல எல்லாரும் பெருமையாதான் பேசுவாங்க. அந்தப் பதற்றம் இருக்கு பாருங்க, அத கவனிங்க. வயசும் அப்படித்தான், டீன் ஏஜ்ல ஆரம்பிக்கறது அதிகம்னாலும் 40, 50 வயசுலயும் வரும், முன்னாடி வந்து போனது திரும்பியும் வரும்.

ஏன் வருது? எங்க வளர்ப்புல தப்பா?

எங்க அம்மா இந்தக் கேள்விய எத்தனை தடவ கேட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. ஒரு காலத்துல டாக்டருங்களே அம்மாவதான் குத்தம் சொன்னாங்க, இப்போ அத யாரும் ஏத்துக்கறதில்ல. ஒரே காரணம்னு எதையும் கை காட்ட முடியாது.

பிறவிலயே கொஞ்சம் பேருக்கு இதுக்கான வாகு இருக்கு. இரட்டையர்கள வெச்சு பண்ணின ஆராய்ச்சிங்கள்ல பாதி அளவு பங்கு மரபணுவுக்கு இருக்கும்னு தெரிஞ்சிருக்கு. 2019-ல சிந்தியா புலிக்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு அனோரெக்சியா வந்த கிட்டத்தட்ட 17,000 பேரோட மரபணுவ பாத்தப்ப எட்டு எடத்துல வித்தியாசம் தெரிஞ்சுது, அதுல சிலது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லாம உடம்பு சத்த எப்படி செலவழிக்குதுங்கறதோடயும் சம்பந்தப்பட்டிருந்துச்சு. அதாவது நாம ரெண்டு வேளை சாப்பிடலன்னா எரிச்சல் வரும், சிலருக்கு அதே பட்டினில ஒரு நிம்மதி வருது. அந்த நிம்மதிதான் கண்ணி.

அதுக்கு மேல குணம். எதையும் நூத்துக்கு நூறு பண்ணணும்ங்கற பிடிவாதம், பதற்றம், தன் மேலயே குறை கண்டுபிடிக்கறது. அதுக்கு மேல நடந்த விஷயங்க, கிண்டல், பாலியல் தொல்லை, ஒரு சாவு, வீடு ஊர் மாறினது. நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டப்பந்தயம், மாடலிங்னு உடம்ப வெச்சே மதிப்பு போடற துறைகள்ல ஆபத்து கூட. டைப் 1 சர்க்கரை நோய் இருக்கற பசங்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம், இன்சுலினோட சேரும்போது ரொம்ப சீக்கிரம் உயிருக்கே வந்துடும், அதனால சர்க்கரை நோய் பாக்கற டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.

சுத்தி இருக்கற உலகமும் சேரும். ஃபிஜி தீவுல நாட்ரோங்காங்கற பகுதிக்கு 1995-லதான் டிவி வந்துச்சு. அங்க நல்லா வாட்டசாட்டமா இருக்கறதுதான் அழகு, ஆரோக்கியம் எல்லாம். ஆன் பெக்கர்ங்கற ஆராய்ச்சியாளர் டிவி வந்த புதுசுல அங்க இருந்த டீன் ஏஜ் பொண்ணுங்கள கேட்டப்போ எடைய குறைக்க வாந்தி எடுத்ததா ஒருத்தர் கூட சொல்லல, மூணு வருஷம் கழிச்சு அதே வயசுப் பொண்ணுங்கள கேட்டா கிட்டத்தட்ட 11 சதவீதம் பேர் சொன்னாங்க. டிவி பாத்த எல்லாருக்கும் வரல, அதான் வாகு வேற தூண்டுதல் வேறன்னு சொல்றது.

நெறய பேருக்கு அந்த தூண்டுதல் ஒரு சாதாரண டயட்தான். இல்லன்னா வயித்துக் கோளாறு, காய்ச்சல்னு பத்து நாள் சாப்பிடாம இளைச்சது. அப்போ நாலு பேர் "சூப்பரா ஆயிட்டியே"ன்னு சொல்லுவாங்க. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா எரியற நெருப்புல எண்ணெய்தான் அது.

சாப்பிடுன்னா சாப்பிட வேண்டியதுதானே, இவ்ளோ பிடிவாதம் ஏன்?

இதுக்கு மட்டும் நீளமா எழுதறேன், ஏன்னா இது புரிஞ்ச அன்னைக்குதான் எங்க வீட்ல சண்டை நின்னுச்சு.

1944 கடைசில அமெரிக்கால மின்னசோட்டா யுனிவர்சிட்டில ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாரு. போர்ல பட்டினி கிடந்த ஜனங்களுக்கு திரும்ப எப்படி சாப்பாடு குடுக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்காக. துப்பாக்கி தூக்க மாட்டோம்னு மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்கள் 36 பேர் தானா முன்வந்தாங்க. உடம்பும் மனசும் திடமா இருக்கான்னு பாத்து பொறுக்கி எடுத்தவங்க. 24 வாரம் அவங்களுக்கு சாப்பாடு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது, உடம்பு எடைல சுமாரா நாலுல ஒரு பங்கு போச்சு.

அப்புறம் நடந்ததுதான் கேக்க வேண்டியது. அவங்க பேச்செல்லாம் சாப்பாட்டப் பத்தியே ஆச்சு. சமையல் புத்தகத்த உக்காந்து படிச்சாங்க, ரெசிப்பி சேத்து வெச்சாங்க. தட்டுல இருக்கற கொஞ்சத்த மணிக்கணக்கா சாப்பிட்டாங்க, தண்ணி கலந்து பெருசாக்கினாங்க, தட்ட நக்கினாங்க. யாரோடயும் பேசப் பிடிக்கல, சிரிப்பு போச்சு, சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழுந்தாங்க, வெயில்லயும் குளிர்னாங்க. ஒருத்தர் கோடாலியால தன் விரல்களையே வெட்டிக்கிட்டாரு. பட்டினி முடிஞ்சு சாப்பாடு கெடைச்ச பிறகும் சிலர் வயிறு வெடிக்கற மாதிரி சாப்பிட்டும் பசி அடங்கலன்னாங்க, சரியாக பல மாசம் ஆச்சு.

இவங்க யாருக்கும் ஒல்லியாகணும்னு ஆசை கிடையாது. பட்டினி ஒண்ணே போதும், மூளை இப்படித்தான் ஆகும். நாங்க "இவ குணமே மாறிடுச்சு, திமிரு"ன்னு நெனச்சதுல முக்காவாசி பசியால வந்தது. தங்கச்சி சாப்பிட உக்காந்தா ஒண்ணரை மணி நேரம் ஆகும். எல்லாத்தையும் கடுகளவு கடுகளவா பிச்சு, தட்டோட ஓரத்துல வரிசையா அடுக்கி, ஒண்ணை எடுத்து வாய்கிட்ட கொண்டு போய் திரும்ப வெச்சு... அம்மா எதிர்ல உக்காந்து கண்ண துடைச்சுக்கிட்டே இருப்பாங்க. ஆனா எங்களுக்கு வித விதமா சமைச்சுப் போடறது அவதான், பக்கத்துல நின்னு நாங்க சாப்பிடறத பாத்துக்கிட்டே இருப்பா. அந்த 36 பேரப் பத்தி படிச்சப்போ எங்க வீட்டு சமையல்கட்ட யாரோ எட்டிப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

இதனாலதான் மனசு முதல்ல சரியாகட்டும் அப்புறம் சாப்பிடட்டும்னு காத்திருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. சாப்பாடு உள்ள போனாதான் மூளை யோசிக்கற நிலைக்கு வரும், அப்புறம்தான் தெரபில பேசறதே உள்ள ஏறும்.

கட்டுப்பாடு இல்லாம சாப்பிடறவங்களுக்கு டயட் குடுத்தா போதுமே?

தலைகீழா இருக்கு. பல பேருக்கு பிஞ்ச் வரதே டயட்டாலதான். காலைல சாப்பிடல, மதியம் பேருக்கு கொறிச்சாங்க, சாயங்காலம் உடம்பு பழி வாங்குது, கை நிக்காம சாப்பிடறாங்க, அவமானம் பிடுங்கித் திங்குது, "நாளைலேந்து ஒண்ணும் கிடையாது"ன்னு முடிவெடுக்கறாங்க, மறுநாள் அதே சுத்து. சாயங்காலத்த அடக்கப் பாக்கறது வீண் வேலை, காலைச் சாப்பாட்ட பிடிக்கணும். பிஞ்ச்ல ருசியே தெரியாதுன்னு சொல்லுவாங்க, ஒளிச்சு வெச்சு, தனியா, நின்னுக்கிட்டே, மூச்சு விடாம போகும். அத ஆசை, பேராசைன்னு சொல்றவங்க அந்த நேரத்துல அவங்க முகத்த பாத்ததில்ல.

உடம்புக்கு என்னென்ன ஆகும்?

மனநல வியாதிங்கள்ல உயிர் போற அபாயம் ரொம்ப அதிகமா இருக்கறதுல அனோரெக்சியாவும் ஒண்ணு. ஒரு காரணம் உடம்பு கெடறது, இன்னொண்ணு தற்கொலை. கேரன் கார்பென்டர்னு உலகம் முழுக்க தெரிஞ்ச பாடகி 1983-ல 32 வயசுல இதனால இதயம் பாதிச்சு இறந்தப்போதான் நிறைய பேர் இந்த வியாதி பேரையே கேள்விப்பட்டாங்க.

பட்டினில இதயத்துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும், கை கால் ஜில்லுன்னு இருக்கும், மாதவிடாய் நின்னு போகும், முடி கொட்டும், அதே நேரம் முதுகு, கன்னத்துல பூனை முடி முளைக்கும். எலும்பு பலம் சேர வேண்டிய வயசுல சேராம போயிடும், இது பல வருஷம் கழிச்சுதான் தெரியும். வாந்தி எடுக்கறவங்களுக்கு பொட்டாசியம் இறங்கி இதயம் திடீர்னு தாளம் தப்பலாம், பல்லு எனாமல் அரிச்சு போகும், தாடை ஓரம் வீங்கும். வாந்திக்கு அப்புறம் உடனே பல் தேய்க்கக் கூடாது, ஆசிட்டோட சேத்து எனாமலையும் தேய்ச்சு எடுத்துடும், தண்ணி விட்டு கொப்பளிச்சா போதும். இத எங்களுக்கு சொன்னது பல் டாக்டர்தான், அவங்கதான் முதல்ல கண்டுபிடிச்சதும்.

மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு, ரொம்ப மெதுவான நாடி, குத்த வெச்சு உக்காந்தா கைய ஊணாம எழுந்திருக்க முடியாம போறது, வாந்தில ரத்தம், தண்ணி கூட குடிக்க மறுக்கறது, பேச்சு குழறறது, சாகணும்னு சொல்றது. இதுல ஒண்ணு இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.

பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துச்சே?

ரொம்ப மோசமா இருக்கற நிலைமைலயும் ரிப்போர்ட் நார்மலா வரலாம், உடம்பு கடைசி வரைக்கும் ரத்தத்துல அளவ பிடிச்சு வெச்சுக்கும். அதனால இசிஜி, படுத்திருக்கும்போதும் நின்ன பிறகும் நாடி ரத்த அழுத்தம், இதெல்லாம் பாக்கச் சொல்லி கேளுங்க.

வீட்ல எப்படி தெரிஞ்சுக்கறது?

"நான் ஃப்ரெண்ட் வீட்ல சாப்பிட்டுட்டேன்" அடிக்கடி வரும். எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடறத தவிர்ப்பாங்க. ஒவ்வொரு வகை சாப்பாடா "ஒத்துக்கல"ன்னு குறைஞ்சுக்கிட்டே போகும். லூசான உடுப்பு, வெயில் காலத்துலயும் ஸ்வெட்டர். சாப்பிட்ட உடனே பாத்ரூம், உள்ள குழாய் தொறந்தே இருக்கும், எங்க வீட்ல அந்த தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தும் மாசக்கணக்கா எங்களுக்கு உறைக்கல. அலமாரில இருக்கறது திடீர்னு காலியாகும், கட்டிலுக்கு அடில கவருங்க கிடக்கும். உடம்பு சரியில்லாத அன்னைக்கும் உடற்பயிற்சிய விட மாட்டாங்க. ஒண்ண மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க, ரெண்டு மூணு சேந்து வாரக்கணக்கா இருந்தா பேசுங்க.

எப்படி பேச்ச ஆரம்பிக்கறது?

சாப்பாட்டு நேரத்துல வேண்டாம். தனியா, அவசரம் இல்லாத நேரத்துல. எடையப் பத்தியோ தோற்றத்தப் பத்தியோ எதுவும் சொல்லாதீங்க, "இளைச்சுட்டே"ன்னு திட்டினாலும் அவங்களுக்கு அது பாராட்டாதான் விழும், "இப்போ பாக்க நல்லா ஆயிட்டே"ன்னு பாராட்டினா "குண்டாயிட்டே"ன்னு கேக்கும். நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. நான் சொன்னது, "நைட்டு நீ பாத்ரூம்ல அழறது கேட்டுச்சுடி, எனக்கு பயமா இருக்கு, நான் உன்கூட வரேன், டாக்டர்கிட்ட போலாமா?"

அவ கத்தினா. கதவ சாத்திக்கிட்டா. மூணு நாள் பேசல. நாலாவது நாள் ராத்திரி என் ரூம் வாசல்ல வந்து நின்னு "நீ வரேன்னு சொன்னியே, அது நெஜமா?"ன்னு கேட்டா. முதல் தடவ மறுத்தா விட்டுடாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். இந்த வியாதில ஆளு மதில் மேல் பூனைதான், பாதி மனசு வெளிய வரணும்னு துடிக்கும், பாதி மனசு அத கெட்டியா பிடிச்சுக்கும்.

வீட்லயே நல்லா சாப்பிட வெச்சு தேத்திட முடியாதா?

ரொம்ப நாள் பட்டினி கிடந்தவங்களுக்கு திடீர்னு நிறைய குடுத்தா ரத்தத்துல பாஸ்பேட்ங்கற உப்பு சரிஞ்சு இதயம், மூச்சு நின்னே போகலாம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு சிறை முகாம்லேந்து வெளிய வந்தவங்க சிலர் சாப்பாடு கெடைச்ச பிறகு இறந்து போனது இதனாலதான், ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேரு. அதனால ரொம்ப இளைச்சிருந்தாலோ பல நாளா ஒண்ணுமே சாப்பிடாம இருந்தாலோ ஆரம்பம் டாக்டர் மேற்பார்வைலதான் இருக்கணும். இத காரணமா வெச்சு சாப்பாட்ட தள்ளிப் போடக் கூடாது, அதுவும் ஆபத்து.

என்ன சிகிச்சை இருக்கு?

டாக்டர், தெரபிஸ்ட், இந்த வியாதி தெரிஞ்ச டயட்டீஷியன் மூணு பேரும் சேந்து பாத்தாதான் நல்லது. எடை குறைக்க சொல்லிக் குடுத்தே பழகின டயட்டீஷியன் இதுக்கு ஆக மாட்டாங்க.

சின்ன பசங்களுக்கும் டீன் ஏஜ்காரங்களுக்கும் நல்ல ஆதாரம் இருக்கறது குடும்பத்த வெச்சு பண்ற சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில 1980-கள்ல உருவானது. அம்மா அப்பா மேல பழி போடாம அவங்களையே மருந்தா பயன்படுத்தறது. கொஞ்ச காலத்துக்கு எப்போ, என்ன, எவ்ளோங்கற முடிவு முழுக்க பெத்தவங்க கைல, கூடவே உக்காந்து முடிக்கற வரைக்கும் இருக்கணும், எடை ஏற ஏற பொறுப்ப கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுக்கறது. சொல்றதுக்கு ரெண்டு வரி, செய்யறது பிரம்மப் பிரயத்தனம். அப்பா ஆபீஸ்ல லீவு போட்டுட்டு மதியம் அவ எதிர்ல உக்காருவாரு. அவ தட்ட தள்ளிவிடுவா, அழுவா, வாய்க்கு வந்தத பேசுவா. அவரு குரல் உயராது, "இது உன் வியாதி பேசுதும்மா, நீ இல்ல, நான் இங்கதான் இருக்கேன், சாப்பிடு"ன்னு அதையே சொல்லுவாரு. எங்க அப்பா அவ்ளோ பொறுமையான ஆளே இல்ல.

பெரியவங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கின ஒரு வகை சிபிடி தெரபி, அதாவது நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சு சிகிச்சை இருக்கு, எடை ரொம்ப குறையாதவங்களுக்கு 20 வாரம், குறைஞ்சவங்களுக்கு அதப் போல ரெண்டு மடங்கு. அதுல முதல் வேலையே மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு தடவ சின்னதா, நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காலியா இருக்கக் கூடாது. பிடிக்குதோ இல்லையோ, பசிக்குதோ இல்லையோ, மணி அடிச்சா சாப்பாடு. பசிய உணர்ற சக்தியே பழுதாகி இருக்கும், அத நம்ப முடியாது.

மாத்திரை?

அனோரெக்சியாவ குணப்படுத்தற மாத்திரை கிடையாது, கூட இருக்கற டிப்ரெஷன், பதற்றத்துக்குக் குடுப்பாங்க. புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸெடின்ங்கற டிப்ரெஷன் மாத்திரை உதவுது. புப்ரோபியான்ங்கற இன்னொரு டிப்ரெஷன் மருந்து மட்டும் அனோரெக்சியா, புலிமியா இருக்கறவங்களுக்கு வலிப்பு வர வாய்ப்பு இருக்கறதால குடுக்கக் கூடாது, அதனால டிப்ரெஷனுக்குன்னு வேற டாக்டர்கிட்ட போனாலும் இந்த வியாதி இருக்குன்னு மறைக்காம சொல்லிடுங்க.

எடை வந்துடுச்சு, அப்போ சரியாயிடுச்சா?

இல்ல. உடம்பு முன்னாடி போகும், மனசு பின்னாடிதான் வரும். எடை ஏறற நேரம்தான் உள்ளுக்குள்ள ரொம்ப வலிக்கற நேரம், வெளில பாக்கறவங்க "அப்பாடா"ன்னு விலகிப் போறதும் அப்போதான். எங்க வீட்ல நடந்தது அதேதான்.

முழுசா குணமாகுமா?

ஆகும். அமெரிக்கால மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில சிகிச்சைக்கு வந்த பொண்ணுங்கள 20 வருஷத்துக்கு மேல தொடர்ந்து கவனிச்சு 2017-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அனோரெக்சியால 9 வருஷம் கழிச்சு பாத்தப்போ மூணுல ஒரு பங்குக்குக் கிட்டதான் குணமாயிருந்தாங்க, 22 வருஷம் கழிச்சு பாத்தா மூணுல ரெண்டு பங்குக்கு கிட்ட. புலிமியாலயும் மூணுல ரெண்டு பங்கு. அதாவது பத்து வருஷமா இருக்கு இனிமே என்னன்னு யாரையும் கை கழுவக் கூடாது. அதே நேரம் ஆரம்பத்துலயே பிடிச்சா சீக்கிரம் சரியாகும், இந்த ரெண்டும் உண்மை.

நடுவுல சறுக்கும். பரீட்சை, வேலை மாற்றம், பிரிவு, பிரசவம், காய்ச்சல்ல நாலு நாள் சாப்பிடாதது, எதுலயாவது பழைய கணக்கு திரும்ப ஓட ஆரம்பிக்கும். தங்கச்சிக்கு ரெண்டு தடவ ஆச்சு. ரெண்டாவது தடவ அவளே எங்களுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா, மதிய சாப்பாட்ட மூணு நாளா தள்ளிப் போடறேன்னு அவளே தெரபிஸ்ட்டுக்கு போன் பண்ணினா.

எனக்கே இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, என்ன பண்ண?

வயிறு நிறைஞ்ச உணர்வு தாங்காம நீங்களே வாந்தி எடுக்கறீங்களா, சாப்பாட்டு மேல கட்டுப்பாடு போயிடுச்சோன்னு கவலை இருக்கா, கொஞ்ச மாசத்துல எடை நிறைய இறங்கியிருக்கா, மத்தவங்க ஒல்லின்னு சொல்லும்போது உங்களுக்கு குண்டா தெரியுதா, வாழ்க்கைய சாப்பாடுதான் ஆட்டி வைக்குதா. 1999-லேந்து டாக்டருங்க பயன்படுத்தற அஞ்சு கேள்வியோட சாரம் இது. ரெண்டுக்கு ஆமான்னா ஒரு டாக்டர பாக்க அது போதும். ஆமான்னு ஒண்ணுக்குதான் வருது ஆனா தினம் தினம் கஷ்டமா இருக்குன்னாலும் போங்க.

இன்னும் கொஞ்சம் மோசமாகட்டும் அப்புறம் போறேன்னு தோணும். எல்லாருக்கும் தோணும், அத சொல்றதே வியாதிதான்.

வாய் விட்டு சொல்ல வராதுன்னா எழுதிட்டுப் போங்க. தங்கச்சி நோட்டு பேப்பர கிழிச்சு அஞ்சு வரி எழுதி எடுத்துட்டுப் போனா, எப்போலேந்து, வாரத்துல எத்தனை தடவ, மாதவிடாய் எப்போ நின்னுச்சு, மயக்கம் வந்துச்சா, கடைசியா "என் எடைய என்கிட்ட சொல்லாதீங்க, திரும்பி நின்னு ஏறிக்கறேன்". உள்ள போனதும் அவளால பேச முடியல, கை நடுங்குச்சு, பேப்பர மேசை மேல வெச்சுட்டு தலைய குனிஞ்சுக்கிட்டா. இந்த டாக்டர் அத ரெண்டு தடவ படிச்சாங்க. அப்புறம் சேர இழுத்து அவ பக்கத்துல போட்டு உக்காந்து, "இத எழுத எவ்ளோ நேரம்மா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "ஒரு வருஷம்"னா.